மாமாவைப் பூட்டிவைத்த அறை

எங்கள் தெருவில் என் மாமாவுக்கு ஜன்னல் என்று பெயர். "ஜன்னல் இருக்கா?" என்று வாசலில் நின்று கேட்பார்கள். காதில் விழுகிற வழிப்போக்கர்கள் யாரோ வாடகைக்கு வீடு பார்க்க வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு போவார்கள்.

பெயர் சும்மா வரவில்லை. பேருந்தில் ஏறினால் மாமாவுக்கு ஜன்னலோரம் வேண்டும். அங்கே வேறு ஆள் உட்கார்ந்திருந்தால் மாமா சண்டை போடமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சைக் கிணற்றில் வாளி இழுப்பதுபோல் இழுத்து விடுவார். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அந்த ஆள் எழுந்து இடம் கொடுத்துவிடுவார். "சின்ன வயசுல என்னை ஒரு ரூம்ல வச்சுப் பூட்டிட்டாங்க சார்" என்று மாமா நன்றியோடு ஆரம்பிப்பார். இறங்கும்வரை அந்த மனிதருக்கு விடுதலை கிடையாது.

கதை இதுதான். என் தாத்தா ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். ஆஸ்பத்திரி, விடுதி விரிப்புகளெல்லாம் வண்டி வண்டியாக வந்து வெளுத்துப் போகும் இடம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத ஒருநாள் தாத்தா இரண்டு பிள்ளைகளையும் வேலைக்குக் கூட்டிப்போனார். என் அம்மா மூத்தவள், பள்ளிக்கூடம் போகிற வயசு. மாமா அவளுக்குத் தம்பி, கால்சட்டையின் பொத்தானைத் தானே போடத் தெரியாத வயசு. தாத்தா துணி கொடுக்க வண்டியில் வெளியே போயிருந்த நேரத்தில், உலர்த்தும் அறைக்குள் பிள்ளை இருப்பது தெரியாமல் யாரோ கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்து திறந்தபோதுதான் தெரிந்தது. "உன் பையனை உள்ள வச்சுப் பூட்டிட்டோம்ப்பா, மன்னிச்சுக்கோ" என்று தாத்தாவிடம் சொன்னார்கள். அவர் பதறிப்போய் மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, வழியில் ஒரு பன் வாங்கிக் கொடுத்து, வீடு வந்து சேர்ந்தார்.

அந்தத் தோளிலிருந்து மாமா இறங்கவே இல்லை என்பதுதான் அவருடைய வாழ்க்கை வரலாறு.

முதலில் ஒரு வங்கியில் பழைய கோப்புகள் வைக்கும் அறையில் வேலை கிடைத்தது. மூச்சு முட்டியது. விட்டுவிட்டார். பிறகு புகைப்படம் கழுவும் இருட்டறை. அது எப்படி ஒத்துவரும்? விட்டுவிட்டார். கடைசியில் பேருந்துப் பணிமனையின் வாசலில், நாலு பக்கமும் திறந்த ஒரு கூண்டில், வண்டிகள் போகிற வருகிற நேரத்தைக் குறிக்கிற வேலை அமைந்தது. மழை பெய்தால் மட்டும் உள்ளே ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சீட்டாடுவார். மழைநாளில் பயம் விடுப்பு எடுத்துக்கொள்ளும்போல. சினிமாவுக்கும் போவார். கொட்டகையில் கதவை அடைத்து விளக்கை அணைக்கிறார்களே என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. என் அத்தை, அதாவது மாமாவின் மனைவி, ஒரு தடவை கேட்டாள். "அங்க படம் ஓடுதுல்ல, அதுவும் ஒரு ஜன்னல்தான்டி" என்று பதில் வந்தது.

தாத்தா ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது மாமா அறைக்குள் வரவில்லை. வாசல் மரத்தடியில் நின்றார். உள்ளே இருந்தது அம்மா. மரத்தடியில் அவர் மிகவும் வருத்தப்பட்டதாகப் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். உள்ளே இருந்தவளைப் பார்த்தவர்கள் குறைவு.

தாத்தா விட்டுப்போன வீட்டில்தான் இருக்கிறோம். அப்பா இறந்தபின் அம்மாவும் நானும் இங்கே வந்துவிட்டோம். வீடு இரண்டு பேருக்கும் பொதுவானது. ஆனால் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல் உள்ள முன்னறை மாமாவுடையது. அது விவாதத்துக்கே வந்ததில்லை. அம்மாவுக்குப் பின்னறை. அதில் ஜன்னல் கிடையாது. கூரைக்குக் கீழே ஒரு புறா நுழைகிற அளவு ஓட்டை உண்டு, அதையும் புறாவே எடுத்துக்கொண்டுவிட்டது. அங்கே பகலெல்லாம் பல்பைப் போட்டுக்கொண்டு அம்மா துணி ஆல்டரேஷன் செய்கிறாள். ரெடிமேட் கால்சட்டைகளின் காலை வெட்டி மடித்துத் தைப்பது, இடுப்பைப் பிடிப்பது, சட்டையின் தோளை இறக்குவது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போது துணியைக் கண்ணுக்குப் பக்கத்தில், ஏதோ ரகசியம் கேட்பவள்போல் வைத்துக்கொள்வாள்.

இந்த வீட்டிலிருந்துதான் நான் கல்லூரிக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். உளவியல் எடுத்தேன். ஏன் எடுத்தாய் என்று கேட்டால் வேறு எதிலும் இடம் கிடைக்கவில்லை என்பது உண்மை. மனித மனத்தை அறிய என்பது நேர்காணலில் சொன்னது.

அங்கே போனபின் தெரிந்தது, ஒரு மனிதனின் ஆளுமை எப்படி உருவாகிறது என்பதற்கு ஒரு விளக்கமல்ல, ஒரு கடைத்தெருவே இருக்கிறது என்று. ஒரு கடையில், ஐந்தாறு வயசுக்குள் ஆள் முடிந்துவிட்டான், மிச்சமெல்லாம் மறுஒளிபரப்பு என்றார்கள். அடுத்த கடையில், இல்லை, சாகும்வரை படிப்படியாக ஏறுகிறோம், ஒவ்வொரு படியிலும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது என்றார்கள். வீட்டில் எத்தனையாவது பிள்ளை என்பதை வைத்துச் சொல்கிற கடை உண்டு. குழந்தையாக இருந்தபோது யாருடைய மடி உறுதியாகக் கிடைத்தது என்று பார்க்கிற கடை உண்டு. உள்ளே ஒன்றுமே இல்லை, எதைச் செய்தபோது பரிசு கிடைத்ததோ அதையே திரும்பத் திரும்பச் செய்கிறோம் என்கிற கறாரான கடையும் உண்டு. எல்லாக் கடையிலும் மாமாவின் அளவுக்குச் சட்டை இருந்தது.

கடைசி ஆண்டு ஆய்வுக்கு மாமாவையே எடுத்தேன். "ஒரு நிகழ்வும் ஓர் ஆளுமையும்" என்று தலைப்பு. பூட்டிய அறையில் தொடங்கி, வங்கி, இருட்டறை, பேருந்து ஜன்னல், ஆஸ்பத்திரி மரத்தடி வரை ஒரே நூலில் கோத்தேன். "காரணமும் காரியமும் எங்கேயும் அறுபடவில்லை" என்று பேராசிரியை பாராட்டினார். மாமா அதற்கு அட்டை போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து என்னை டாக்டரம்மா என்றே கூப்பிட்டார்.

அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "அதுல என்னைப் பத்தி எழுதியிருக்கியா?"

ஒரு வரி இருந்தது. படித்துக் காட்டினேன். "சகோதரி: இந்நிகழ்வால் பாதிக்கப்படாதவர், இயல்பான, சிக்கலற்ற ஆளுமை."

"சரி, நல்லாத்தான் இருக்கு" என்று ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள். அது நாலைந்து தடவை தவறியது.

போன மாதம் தெருமுனைத் துணிக்கடைக்காரர் வந்தார். கடையில் வாங்குகிறவர்களுக்கு வேண்டிய ஆல்டரேஷன் வேலை முழுவதையும் அம்மாவுக்கே தருவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை. வருகிறவர்கள் தெருவிலிருந்து நேராக நுழைந்து, உட்கார்ந்து, அளவு கொடுத்துவிட்டுப் போக இடம் வேண்டும். இப்போது அவர்கள் அடுப்பங்கரை வழியாக, அத்தை கீரை நறுக்குவதைத் தாண்டிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. "வெள்ளிக்கிழமை வந்து பாக்கறேம்மா. இடம் இல்லைன்னா மார்க்கெட்ல ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயந்திரமே அம்மா, கேட்பதற்குப் பழக்கமில்லாதவள் கேட்பதுபோல், தையலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "டேய் தம்பி, முன்னறையை எனக்குக் குடு. நீங்க ரெண்டு பேரும் பின்னறைக்கு வந்துடுங்க."

மாமா நெஞ்சில் கை வைத்தார். "அக்கா, நீயா பேசறே?"

"கண்ணு தெரியலடா. அங்க வெளிச்சம் இருக்கு."

"எனக்கு அது வெளிச்சம் இல்லக்கா, மூச்சு! டாக்டரம்மா, நீயே சொல்லு, என்னைப் பின்னறையில போட்டா என்ன ஆகும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அட்டை போட்ட என் ஆய்வு வெளியே வந்துவிட்டது. "இத பாரு, நான் சொல்லல. உன் பொண்ணே எழுதியிருக்கா. 'மூடிய இடங்கள் இவருக்குத் தாங்கவொண்ணாத மனநெருக்கடியைத் தருகின்றன.' காலேஜ்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. உன் பொண்ணு பொய்யா சொல்லுவா?"

பட்டம் வாங்கினால் குடும்பத்துக்கு உபயோகமாக இருக்கும் என்று சொல்லித்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். இப்போது என் ஆய்வு முன்னறைக் கதவில் பூட்டாகத் தொங்கியது. தரையைப் பார்த்தேன். உளவியலில் இதற்கும் ஒரு பெயர் இருக்கிறது.

"அதெல்லாம் எழுதுனா மாத்தலாம்" என்றாள் அத்தை அடுப்படியிலிருந்து.

"மாத்தறதா? என் வாழ்க்கைடி அது!" மாமா எழுந்து நின்றுகொண்டார். நிற்காமல் அந்தக் கதையை அவரால் சொல்ல முடியாது. "கன்னங்கரேல்னு இருட்டு. என் கை எனக்குத் தெரியல. ஈரத்துணி மூட்டை, ஒண்ணு மேல ஒண்ணா, மலை மாதிரி. குளிர்னா அப்படி ஒரு குளிர். பல்லு தந்தியடிக்குது. 'அப்பா, அப்பா'ன்னு..."

"உலர்த்துற ரூம்ல எங்கேருந்துடா குளிர் வரும்?" என்றாள் அம்மா.

மாமா நின்றார். "என்ன?"

"துணி காயவைக்கிற ரூம்டா அது. தரையெல்லாம் நீராவிக் குழாய். சாப்பாட்டு நேரத்துக்கு நிறுத்திட்டாக்கூடச் சூடு ஆறாது. மூட்டையும் கிடையாது. கம்பி கம்பியா வெள்ளை விரிப்புதான் தொங்கும். இருட்டும் இல்ல. கூரையில ஒரு கண்ணாடி ஓடு இருந்துச்சு. அது வழியா விரிப்பு மேல வெயில் விழும்." பல்லால் நூலைக் கடித்தாள். "நல்லா இருக்கும் பாக்க."

"உனக்கு எப்படிக்கா தெரியும்? நீ வெளியில இருந்தே."

"நீதான் வெளியில இருந்தே. குழாயடியில சோப்பு நுரையை ஊதி விளையாடிக்கிட்டு. உள்ள இருந்தது நான்."

அடுப்படியில் கரண்டி வைக்கும் சத்தம் கேட்டது. அத்தை கதவருகே வந்துவிட்டாள்.

"பையனைப் பூட்டிட்டோம்னுதானே அப்பாகிட்ட சொன்னாங்க!" என்றார் மாமா. குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது.

"அப்பாவுக்கு ஒரே பையன். வேற யாரைன்னு நெனப்பாரு?" அம்மா முதல் தடவையாக நிமிர்ந்தாள். சலவைக்கு வந்து யாரும் திரும்பக் கேட்காத துணிகளைப் பிள்ளைகளுக்கு எடுத்துப்போகலாம் என்பது அந்தக் கூடத்தின் வழக்கம் என்றாள். கிடைத்தது எது பொருந்துகிறதோ அதுதான் உடுப்பு. அன்றைக்கு அவளுக்குக் கிடைத்தது யாரோ ஒரு பையனின் கால்சட்டையும் சட்டையும். பேன் தொல்லைக்குத் தலைமுடியையும் ஒட்ட வெட்டியிருந்தார்கள். கதவைத் திறந்தவர் பார்த்தது ஒரு பையனை. பையன் என்றுதான் சொல்லவும் செய்தார்.

"தோள்ல தூக்கிட்டு வந்தாரே அப்பா!"

"தூக்கிட்டு வந்தாரு. நான் பின்னாடி நடந்து வந்தேன்." தையல் மெஷினின் மிதியிலிருந்து காலை எடுத்து நீட்டினாள். உள்ளங்காலின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு வழவழப்பாக ஒரு தழும்பு. குழந்தையிலிருந்து நான் பார்த்த தழும்பு. கேட்டால் சின்ன வயசில் சுட்டுக்கொண்டது என்பாள். எதில் என்று நான் கேட்டதில்லை. ஆய்வுக்குக்கூடக் கேட்கவில்லை. "எழுந்திரிக்கும்போது குழாய் மேல காலை வச்சுட்டேன்."

"எழுந்திரிக்கும்போதா? தூங்கினியாம்மா?" என்றேன்.

"பின்னே? கதகதன்னு இருந்துச்சு. 'தம்பியைப் பாத்துக்கோ, தம்பி எங்கே'ன்னு கேக்க ஒரு ஆள் இல்ல. படுத்துத் தூங்கிட்டேன்."

"ஏன் அண்ணி, அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அத்தை.

"சொன்னா, தம்பியை வெளிய விட்டுட்டு உள்ள போய்ப் படுத்தியான்னு முதுகுல விழும். அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அது அவனோடதாயிடுச்சு. நான் எவனோ ஒருத்தன் சட்டையைப் போட்டுக்கிட்டேன், இவன் என் கதையைப் போட்டுக்கிட்டான்."

அத்தை மாமாவை மேலும் கீழுமாகப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து பேருந்தில் நடைவழிப் பக்கம் உட்கார்ந்து வருகிறவள் அவள். "ஏங்க, அப்போ அந்தப் பன்?"

மாமா உட்கார்ந்துவிட்டார்.

"அதையும் நீங்கதான் தின்னீங்களா?"

அன்று இரவு நான் ஆய்வை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமா இருந்த இடத்தில் அம்மாவை வைத்துப் பார்த்தேன். பூட்டிய அறையில் கிடந்தவள். ஆகவே பொறுமைசாலி, ஆகவே எதையும் கேட்காதவள், ஆகவே ஜன்னலில்லாத அறைக்கு ஒத்துப்போனவள். பிரமாதமாகப் பொருந்தியது. காரணமும் காரியமும் எங்கேயும் அறுபடவில்லை. பேராசிரியை இதற்கும் பாராட்டியிருப்பார். நடுவிலிருந்த ஆளையே மாற்றிவிட்டேன், கட்டடம் அசையாமல் நின்றது. அப்படியானால் நான் மூன்று ஆண்டு கற்றுக்கொண்டது மனிதர்களைப் பற்றியா, பொருத்துவதைப் பற்றியா? கறாரான கடைக்காரர்கள் மட்டும் கொஞ்சம் தேறினார்கள். மாமாவை ஆக்கியது அறையல்ல, பன் என்று அவர்கள் சொல்வார்கள். ஆனால் அதுவும் கேட்க நன்றாக இருக்கிறது என்பதாலேயே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் மாமா வேலைக்குப் போனார். பேருந்தில் நின்றுகொண்டே போனதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மனிதரின் முதுகெலும்பை உருவிவிட்டோமோ என்று பயந்தேன்.

வீண் பயம். வியாழக்கிழமை மாலை வேலையிலிருந்து வந்தவர் முகத்தில் புது மாப்பிள்ளையின் களை இருந்தது. செருப்பைக் கழற்றும்போதே கூப்பிட்டார்.

"டாக்டரம்மா! இப்போதான் எனக்கு விளங்குச்சு. ஒரு சின்னக் குழந்தைகிட்ட, நடக்காத ஒரு பயங்கரத்தை நடந்துச்சு நடந்துச்சுன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்காங்க. அந்தக் குழந்தை என்ன ஆகும்? யோசிச்சுப் பாரு!"

"யாரு மாமா வளர்த்தாங்க?"

"எல்லாரும்தான்! அப்பா, அக்கா, தெரு, ஏன், நீயும்தான், எழுதியே குடுத்துட்டே. என் சொந்தக் குழந்தைப் பருவம் எங்கே? காணோம். பூட்டி வச்சதைவிட இது பெரிய பாதிப்பு. நான் எப்படிப்பட்ட ஆளா வந்திருக்கணும்! இதுக்கு ஒரு பேரு இருக்குமே?"

முன்னறையின் ஜன்னல் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் கேட்டார். புது வியாதிக்கும் அதே அறைதான் மருந்து என்று அடுத்த வாக்கியத்தில் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. விடிந்தால் வெள்ளிக்கிழமை.

"இருக்கு மாமா" என்றேன். "ஆனா..."

"என்ன ஆனா?"

"சொன்னா நீங்க பயப்படுவீங்க."

"சொல்லு. எனக்கென்ன பயம்?" ஆவலில் கண் விரிந்தது.

"இந்த மாதிரி பாதிப்பு உள்ளவங்களுக்கு வெளிச்சமும் தெருச் சத்தமும் ஆகவே ஆகாது மாமா. இத்தனை வருஷம் நீங்க முன்னறையில இருந்ததுதான் தப்பாப் போச்சு. நாலு சுவரு, சாத்தின கதவு. அப்போதான் தொலைஞ்சுபோன குழந்தைப் பருவம் மெள்ள வெளியில வரும்."

எந்தப் புத்தகத்திலும் இது கிடையாது. புத்தகத்தில் உள்ளதைச் சொன்னபோது இவ்வளவு சுத்தமாக எனக்கு வார்த்தை வந்ததுமில்லை. மாமா கம்பியை விட்டார். நீண்ட நேரம் தலையை ஆட்டினார்.

"அதான், எனக்கு அடிக்கடி கண்ணு கூசுச்சு" என்றார்.

"கட்டிலை நான் ஒரு பக்கம் பிடிக்கறேன்" என்றாள் அத்தை. கேட்காமலே தலையணையைச் சுருட்டத் தொடங்கியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை துணிக்கடைக்காரர் வந்தபோது தையல் மெஷின் ஜன்னலடியில் இருந்தது. இரண்டு நாற்காலி, ஒரு ஆளுயரக் கண்ணாடி. உட்கார்ந்து பார்த்துவிட்டு, கையோடு கொண்டுவந்த பையிலிருந்தே முதல் கட்டுக் கால்சட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். மாமா பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு குறட்டை விட்டார். புறாவுக்குத்தான் முதலில் ஒத்துவரவில்லை. போகப்போக அதுவும் பழகிக்கொண்டது.

நான் செய்தது பொய்யா சிகிச்சையா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். அவள் ஒரு கால்சட்டையை உதறி மடித்தாள். "உனக்கு வேற வேலை இல்லையா?" என்றாள். உண்மையில் இல்லை. விண்ணப்பங்கள் போட்டிருக்கிறேன்.

நேற்று நான் அம்மாவுக்கு நூல்கண்டு பிரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே, சாயந்திர வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாமா நின்றார். பக்கத்தில் மாட்டிக்கொண்டவர் தபால்காரர்.

"டாக்டரம்மாவே சொல்லிடுச்சு சார், வெளிச்சமே ஆகாதுன்னு. நடக்காததை நடந்ததா சொல்லி வளர்த்துட்டாங்க. என்னை மாதிரி லட்சத்துல ஒருத்தருக்குத்தான் இப்படி வருமாம்..."

தபால்காரர் பையைத் தோள் மாற்றினார். மாமா இன்னும் ஆரம்பக் கட்டத்தில்தான் இருந்தார். அம்மா கறுப்புத் துணியில் கறுப்பு நூலை ஓட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, துணியை முகத்துக்குக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள்.

"அவனைக் கொஞ்சம் தள்ளி நின்னு கஷ்டப்படச் சொல்லுடி" என்றாள். "வெளிச்சத்தை மறைக்கிறான்."